அடுப்புக்கு மேல் ஒரு சக்கரம்

அந்த வீட்டுக்குள் வந்த யாரும் அந்தச் சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்காமல் திரும்பிப் போக முடியவில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அதைத் தோளிலிருந்து இறக்கி நெற்றியைத் துடைத்து முடிப்பதற்குள் சக்கரம் அவர் கைக்குப் போய்விட்டது. மீட்டர் பார்க்க வந்த பெண் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு தூக்கினாள். மாவு மூட்டை இறக்குகிறவர்கள் ஒரு விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி புருவத்தை உயர்த்தி, "லேசாத்தான் இருக்கு" என்றார்கள். வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதை வாங்கியவன் பக்கத்தில் நின்று, குழந்தை பார்க்க வந்தவர்களிடம் புதுத் தகப்பன் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய அக்கா மட்டும் தூக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"லேசா இருக்கறதுக்கே இவ்ளோ விலைன்னா, கனமா இருந்திருந்தா உன் சட்டையையும் கழட்டிக்கிட்டுதான் விட்டிருப்பான்" என்றாள்.

அது ஒரு பேக்கரி வீடு. முன்பாதி கடை, பின்பாதி அடுப்பறை, மாடியில் குடியிருப்பு. மாவு பிசைவதும் சுடுவதும் மனைவி. கல்லாவும் வாயும் அக்கா. சுட்டதை வேனில் ஏற்றிக்கொண்டு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் போடுவது அவன். காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று. நடுவில் கிடைக்கும் மத்தியானங்களில் மலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்குப் போய்விடுவான். கொஞ்சம் உடம்பை அசையுங்கள் என்று ஒரு டாக்டர் என்றைக்கோ சொன்னதில் ஆரம்பித்த விஷயம். அந்த டாக்டரை மனைவி தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வாள்.

முதலில் சைக்கிள் வந்தது. பிறகு அதற்கு வேறு ஹேண்டில்பார், வேறு சீட், வேறு பெடல். கடைசியில் இந்தக் கார்பன் சக்கரங்கள். கறுப்பாக, பளபளப்பில்லாமல், தட்டினால் காலி அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு. விலை மட்டும் கேட்கிற ஆளுக்கு ஏற்றபடி மாறியது. சைக்கிள் நண்பர்களிடம் ஒரு விலை, அக்காவிடம் அதில் பாதி, மனைவியிடம் அதற்கும் கீழே. அவளிடம் சொன்ன அந்தக் குறைந்த விலையே ஒரு மாவு பிசையும் மெஷினின் விலை.

மாவு மெஷின்தான் அவளுக்கு உறுத்தியது. இருக்கிற மெஷின் அவன் அப்பா காலத்தது. மாவு இறுகத் தொடங்கியதும் அதன் இரும்புக் கை பாதிச் சுற்றில் நின்று முனகும். அப்போது அவள் சட்டியின் விளிம்பில் தோளைக் கொடுத்து நெட்டித் தள்ள வேண்டும். தள்ளினால் இன்னும் சில சுற்று ஓடும். மறுபடி நிற்கும். கடைசியில் மாவை மேஜையில் கொட்டி முழங்கை வரை இறக்கி அவளே பிசைந்து முடிப்பாள். தலை வாரும்போது வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தோள் போய்விட்டிருந்தது. மாவு பிசைகிற நேரத்தில் அவன் அந்த அறைக்குள் வருவதில்லை. ரொட்டி வெந்து தட்டுகளில் அடுக்கிய பிறகுதான் வருவான். மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தால், அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்பான். அந்த அடுத்த வருஷம் பல வருஷங்களாக அடுத்ததாகவே இருந்தது.

சக்கரம் வாங்குவதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு காலை, அவள் மெஷினைத் தோளால் நெட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பறை வாசலிலேயே நின்று, நல்ல கார்பன் வீல் வந்திருக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்னமோ பண்ணுங்க" என்றாள். அந்த வீட்டில் அந்தக் குரலில் அந்த வார்த்தை வந்தால், கேட்ட ஆள் கேட்டதை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அக்காவுக்குத் தெரியும். பால் ஊற்ற வருபவருக்குக்கூடத் தெரியும்.

சக்கரம் வந்த மறுநாள் அவள் அதையும் பழையதையும் கடைத் தராசில் எதிரெதிரே வைத்து நிறுத்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு மாவு உருண்டையைக் கிள்ளி வைத்துச் சரிபார்த்தாள். ஒரு சின்ன ரொட்டிக்கு ஆகும் மாவு. அந்த உருண்டையை அவன் முன்னால் மேஜையில் வைத்து, இதற்கா என்று கேட்டாள்.

அவன் உற்சாகமாகிவிட்டான். கேள்வி கேட்டதே போதும் அவனுக்கு. வண்டியில் மற்ற இடத்தில் குறையும் எடை வேறு, சக்கரத்தில் குறைவது வேறு என்றான். திருப்பினால் திருப்பின இடத்துக்குப் போகும், மேட்டில் மிதித்தால் மிதிப்பு வீணாகாது, கல்லில் மோதினாலும் நெளியாது, சூடு மட்டும்தான் ஆகாது, மூடின காருக்குள் வெயிலில் விடக் கூடாது என்றான். அவள் மாவைத் துண்டு போட்டுக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் எதைப் பற்றியும் இவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. மாமனார் செத்தபோதுகூட இதில் கால்வாசி பேசவில்லை. அந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது, தனக்கு அதில் ஒரு பிடி கிடைத்ததில்லை என்பது விலையைவிட அதிகமாக எரிச்சல் மூட்டியது.

"சுத்தற எடை வேற, சுமக்கற எடை வேறம்மா" என்று முடித்தான்.

"சுமக்கற எடையப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த உருண்டையை மறுபடி மாவோடு சேர்த்துப் பிசைந்தாள்.

இன்னொன்றும் அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது. சைக்கிள் நண்பர்களோடு போனில் பேசும்போது அவன் அவளை 'வீட்ல' என்பான். வீட்ல திட்டுவாங்க. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன். வீட்ல மூடு சரியில்ல. எல்லோரும் சொல்வதுதான். அவள் அப்பாவும் அம்மாவை அப்படித்தான் சொன்னார். ஆனால் அடுப்பறையில் நின்று கேட்கும்போது, தான் செங்கலும் சுண்ணாம்பும் ஆகி, நாலு பக்கமும் சுவராக நின்று, அவன் வெளியே போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

மழை பிடித்த வாரம் அது. விடிந்தது தெரியாத மாதிரி வானம் நாள் முழுக்க ஒரே நிறத்தில் கிடந்தது. மாவு பொங்கவில்லை. ஈரத்துக்கு ரொட்டியின் மேல்தோல் தொய்ந்துபோய், விடுதிக்காரர் பாதியைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த மழையிலும் அவன் குன்றுக்குப் போனான். சேறு அப்பிய சைக்கிளைப் பின்வாசலில் சாய்த்து வைத்து, நேரமாகிவிட்டது என்று முன் சக்கரத்தை மட்டும் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, துடைக்கக்கூட நேரமில்லாமல் மாலைச் சுற்றுக்கு வேனை எடுத்துக்கொண்டு ஓடினான்.

சேறு வடிந்து நின்ற சக்கரத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துக் குழாயடியில் கழுவினாள். கம்பி கம்பியாகத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்ததும் அந்த வீட்டில் நனைந்த எதற்கும் செய்வதை அதற்கும் செய்தாள். அடுப்புக்கு மேலே மாட்டினாள்.

அடுப்புக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி ஓடியது. காலுறை, துண்டு, ஏப்ரன், அக்காவின் குடை எல்லாம் அங்கேதான் காயும். காய்ச்சலில் கிடந்தவர்களுக்குப் போர்வையைச் சூடாக்குவதும் அங்கேதான். ஜன்னல் பக்கத்துக் கோடியில் மாட்டினால் மெல்லக் காயும். புகைக்குழாய் ஓரமாக மாட்டினால் சட்டென்று காயும். சீக்கிரம் காயட்டும் என்று குழாய் ஓரமாக மாட்டினாள். அவனுடைய காலுறைகளுக்கு நடுவில் சக்கரம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பார்க்க ஒரு மாதிரி திருப்தியாக இருந்தது.

திருப்பி அனுப்பிய ரொட்டிக்கு ஈடாக அன்று மாலை இன்னொரு தடவை சுட வேண்டியிருந்தது. அடுப்பின் சூட்டை வழக்கத்தைவிட ஏற்றி வைத்தாள். முதல் தட்டு பன்களை வெளியே எடுத்து மேஜையில் வைத்திருந்தாள். அப்போது தலைக்கு மேலே பட்டாசுக் கடையே வெடித்த மாதிரி ஒரு சத்தம். அக்கா கல்லாவை விட்டுத் தெருவுக்கு ஓடினாள். புகைக்குழாயிலிருந்து கரி உதிர்ந்தது. டயர் ரிம்மை விட்டுத் தெறித்து ஒரு பக்கம் தொங்க, பஞ்சர் ஆகாமல் இருக்க உள்ளே அவன் ஊற்றி வைத்திருந்த வெள்ளைத் திரவம் சுவரெல்லாம், அவள் முகமெல்லாம், வரிசையாக அடுக்கியிருந்த அத்தனை பன்கள் மேலும் சர்க்கரைப் பூச்சு பூசினாற்போல் வழிந்தது.

அவன் வந்தபோது சக்கரம் மேஜைமேல் கிடந்தது. ரிம்மின் ஒரு பக்கம், வெந்த ரொட்டி ஓரத்தில் வெடித்துக் குமிழ்வதுபோல் உப்பி வெளியே தள்ளியிருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உப்பலை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"வேணும்னே செஞ்சியா?"

கரியும் பிசினுமாக நின்றுகொண்டு, வீணான பன்களைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து வரும் முதல் கேள்வி இது. பதில் சொன்னது அக்காதான்.

"ஏண்டா, உன் ஜட்டியெல்லாம் இத்தனை வருஷமா அங்கதான காயுது. அதெல்லாம் வெடிச்சுதா? நீ வாங்கினது என்ன கண்றாவியோ, அத விட்டுட்டு அவளக் கேக்கற."

அவன் மாடிக்குப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் அக்கா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நேற்றைய ரொட்டியை முட்டையில் தோய்த்துச் சுட்டு வைத்திருக்கிறது, சாப்பிடச் சொல்லுங்கள் என்பாள் அவள். பசியில்லை என்று சொல்லு என்பான் அவன். அக்கா இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட்டு, நடுவில் தன் பங்குக்கும் ஏதாவது சேர்த்துவிடுவாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. கோபத்தினால் என்றுதான் முதலில் நினைத்தாள். மாவை உருட்டும்போதும் தட்டுகளைத் தேய்க்கும்போதும் அந்த மாலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். கழுவும்போது அன்பாகத்தான் இருந்தாள், அதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாளே. ஜன்னல் கோடியில் இடம் இருந்தது. ஏன் குழாய் ஓரம்? சீக்கிரம் காயட்டும் என்று. சரி. சூடு ஆகாது என்று அவன் சொன்னபோது மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. ஆனால் மாட்டும்போது அது நினைவுக்கு வந்ததா? காலுறைகளுக்கு நடுவில் அது தொங்கியபோது வந்த திருப்தி, நல்லது செய்த திருப்தியா, வேறு ஏதாவதா? எவ்வளவு தோண்டினாலும் அந்த இடத்தில் ஒரு வழவழப்பு, விரல் நிற்கவில்லை. தன் மனசுக்குள் தன்னாலேயே நுழைய முடியாத ஓர் அறை இருப்பது சக்கரம் வெடித்ததைவிட அவளைக் கலவரப்படுத்தியது. இப்படி ஒரு கேள்வியில் கொண்டுவந்து தன்னை நிறுத்தியதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

கடைசியில் அக்காதான் பொறுக்க முடியாமல், அந்தச் சனியனை எங்கே வாங்கினாயோ அங்கேயே கொண்டுபோய்க் காட்டு, இவளையும் கூட்டிக்கொண்டு போ, எப்படி நடந்தது என்று இவள்தானே சொல்ல வேண்டும் என்று இருவரையும் வேனில் ஏற்றி அனுப்பினாள். சக்கரம் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு இடையில் ஆடிக்கொண்டே வந்தது.

சைக்கிள் கடை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வெள்ளைச் சுவர், குளிர்ந்த காற்று, கூரையிலிருந்து தொங்கும் வண்டிகள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து எழுந்து வந்தார்.

"நீங்கதானா மேடம்? சார் சொல்லிக்கிட்டே இருப்பாரு. இந்த வீல வாங்கலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சாரு. அப்புறம் ஒருநாள் வந்து, வீட்ல ஓகே சொல்லிட்டாங்கன்னாரு. இப்படி ஒரு சப்போர்ட் எல்லாருக்கும் கிடைக்காது மேடம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையில் தொங்கிய ஒரு வண்டியை மிக நுணுக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலையில் அடிபட்டால் கம்பெனி காசில்லாமல் புது ரிம் கொடுத்துவிடும், கல், பள்ளம், மரம் எதுவானாலும் சரி, மற்ற எதற்கும் கிடையாது என்றார். சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சம் அதிக நேரமே காத்திருந்தார். கல் என்று ஒரு வார்த்தை போதும் என்பது அவளுக்கே புரிந்தது. விலையை மூன்று விதமாகச் சொன்னவனுக்கு இது என்ன பெரிய பொய் என்று நினைத்தாள். அவன் கன்னத்தைச் சொறிந்தான்.

"மலையில இல்ல. வீட்ல அடுப்பு மேல மாட்டினது."

கடைக்காரர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். சற்றுமுன் மலர்ந்திருந்த முகம் அப்படியே கூம்பிவிட்டது. பிறகு அவனுக்காக மிகவும் வருத்தப்படும் குரலில், நடுப்பாகம் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் சாதாரண அலுமினிய ரிம் கட்டித் தருகிறேன், இப்போதைக்கு ஓட்டுங்கள் என்றார். அவன் தலையாட்டினான்.

வேன் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

"நான் எப்பங்க ஓகே சொன்னேன்?"

"என்னமோ பண்ணுங்கன்னியே."

"அது சம்மதமா?"

"வேணாம்னு சொல்லலையே."

"இத்தன வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு, என்னமோ பண்ணுங்கன்னா என்னான்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்" என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி. "தெரியாத மாதிரி வெச்சுக்கிட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஒப்புக்கொண்டுவிடுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? சண்டையைக்கூட முழுசாகப் போட விடாத மனுஷன்.

"அங்க வீட்லன்னீங்களே. அது நானா, வீடா?"

"வீட்லன்னா வீட்லதான். நம்ம வீட்ல எல்லாம் அங்கதான மாட்டறோம். அதச் சொன்னேன்."

"அந்தாளு என்னைப் பாத்த பார்வையப் பாத்தீங்கல்ல?"

சிக்னலில் வண்டி நின்றது. துடைப்பான் கண்ணாடியில் தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஒதுக்கியது. அவன் எப்படிச் சொன்னானோ அதே மாதிரி தானும் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வேணும்னே செஞ்சியான்னு கேட்டீங்கல்ல. சூடு ஆகாதுன்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. மாட்டறப்ப அது ஞாபகம் இருந்துச்சான்னு எனக்கே தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். தெரியல."

அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான். இதோ வருகிறது என்று அவள் உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

"நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

"காது இருக்குல்ல."

"எல்லாமேவா?"

"சுத்தற எடை வேற, சுமக்கற எடை வேற" என்றாள் எரிச்சலாக. "திருப்பினா திருப்பின இடத்துக்குப் போகும். மிதிப்பு வீணாகாது."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சக்கரம் வந்த நாளில்கூட அப்படி வரவில்லை. பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரனை அழுத்தின. அவன் நகராமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் இவ்வளவு சிரமப்பட்டுத் தோண்டி எடுத்து வைத்தது எது, இவன் அதிலிருந்து பொறுக்கிக்கொண்டது எது என்று நினைத்தபோது அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள்.

அடுத்த வாரம் மழை விட்டது. முன்னால் அலுமினியமும் பின்னால் கார்பனுமாக, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஷூவும் போட்ட ஆள் மாதிரி சைக்கிள் குன்றுக்குப் போய் வந்தது. அவன் பின்வாசலில் இறங்கிய நேரம் அவள் மாலை ரொட்டிக்கு மெஷினில் மாவு போட்டிருந்தாள். அவனே முன் சக்கரத்தைக் கழற்றிக் கழுவி உள்ளே கொண்டுவந்தான். அடுப்புக்கு மேலே ஜன்னல் கோடியில் மாட்டினான். இது தாங்கும் என்றான்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கேட்டுவிட்டாள். "எப்படி இருந்துச்சு?"

அவன் யோசித்தான். பொய் சொல்லப் போகிறான் என்று அவள் நம்பினாள்.

"பெருசா ஒண்ணும் தெரியலம்மா. சொல்லப்போனா கல்லு மேல போறப்ப இதுதான் கொஞ்சம் மெத்துனு இருக்கு."

கல்லாவில் அக்கா சிரிக்க ஆரம்பித்து, இருமி, தண்ணீர் கேட்டு, மறுபடி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெற்றி மாதிரி எதுவும் வரவில்லை. தோள் போய், புது மெஷின் போய், பன்கள் போய், ஒரு வாரம் தூக்கம் போய், தன்னையே சந்தேகப்பட்டு நின்றதெல்லாம் போய், கடைசியில் ஒன்றும் தெரியவில்லையாம். அந்தச் சக்கரம் அந்த விலைக்குத் தகுந்ததாக இருந்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் உலகத்தில் யாரும் இல்லை.

"கொஞ்சமாவது வித்தியாசம் இருந்திருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மேட்டுல இருந்துச்சுன்னு நெனைக்கறேன்."

"எவ்ளோ?"

அவன் மேஜையில் இருந்த மாவிலிருந்து கோலிக்குண்டு அளவு கிள்ளி உருட்டி அவள் முன்னால் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் இன்னும் கொஞ்சம் கிள்ளி அதோடு ஒட்டினான்.

அப்போது மெஷின் முனகி நின்றது. பழக்கத்தில் அவள் திரும்புவதற்குள் அவன் போய்ச் சட்டியின் விளிம்பைப் பிடித்தான். கையால் தள்ளினான், அசையவில்லை. அவள் செய்வதைக் கவனித்துப் பார்த்திராதவன் முதுகைக் கொடுத்தான், பக்கவாட்டில் நின்று பார்த்தான், கடைசியில் அவள் தோள் பட்டுப் பட்டு வழுவழுப்பான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே தோளை வைத்து, குன்றில் ஏறும்போது மூச்சு வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு நெட்டினான். இரும்புக் கை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி நின்றது.

"என்ன இவ்ளோ கனமா இருக்கு?" என்றான்.

அவள் அந்த மாவு உருண்டையை எடுத்துச் சட்டிக்குள் போட்டாள்.

"நான் யாரையும் கூப்ட்டுத் தூக்கிப் பாக்கச் சொல்லலையே" என்றாள்.